மூன்று மில்லிமீட்டர் எங்கே போனது?

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் போர்வைக்காக நான் தைத்த முதல் ஒன்பது சதுர பிளாக், அதாவது மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்த கட்டம், 86 மில்லிமீட்டர்தான் வந்தது. வந்திருக்க வேண்டியது 88.9, அதாவது மூன்றரை அங்குலம். கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெர்னியரை வைத்து அளந்துவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "போர்வைக்குப் போய் யாராவது வெர்னியர் பிடிப்பாங்களா?" என்று வீட்டுக்காரம்மா சிரித்தார்.

ஒன்பது துண்டுகளும் சரியான ஒன்றரை அங்குலச் சதுரங்கள். வெட்டியதில் தப்பில்லை. ஒரு வரிசையில் தையல் இரண்டு, விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் போடும் ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத்துத் துணியையும் தின்னும், ஆக நான்கு விளிம்பு. ஊசி முக்கால் மில்லிமீட்டர் தள்ளி இறங்கியிருக்கிறது. நாலு முக்கால் மூன்று. எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி குறைந்தால்கூடச் சமாளிக்கலாம். பக்கத்தில் வரும் பிளாக்கில் வரிசைக்கு ஒரே ஒரு தையல் என்றால் அது பாதிதான் குறையும். இரண்டையும் சேர்க்கும்போது ஒன்று இழுக்கும், ஒன்று தொங்கும்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மெஷினைச் சோதியுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலமாகப் போகிறது. கால் அங்குலத்தைக் கோடு பிசகாமல் தைத்தாலும் குறையும், ஏனென்றால் துணி மடங்கித் திரும்பும் இடத்தில் ஓரிரு நூல் கனம் செலவாகிறது. அதற்காகத்தான் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக விட்டுத் தைக்கச் சொல்கிறார்கள். கால் அங்குல ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், தனியாக விற்கிறது. வாங்கினாலும் இந்தச் சோதனையைத் தள்ளிவிடாதீர்கள்.

நான் வாங்கவில்லை. பிளாஸ்டிக் அளவுகோலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, கால் அங்குலக் கோட்டுக்கு வலப்பக்கமாக, கோட்டை உரசினாற்போல ஊசியை இறக்கினேன். அளவுகோலின் வலது விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்கு ஒட்டினேன். துணி அந்தச் சுவரில் உரசிக்கொண்டே போகும். துணியை நகர்த்தும் அடிப்பற்களை மட்டும் டேப் மறைக்கக் கூடாது. மூன்று தடவை பிய்த்து ஒட்டிய பிறகு நடுப்பட்டை 25.4 காட்டியது.

மெஷின் விஷயத்தில் பழையதே மேல். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய சிங்கரில் ஊசித் தட்டில் ஒரே ஒரு சிறு ஓட்டை. ஜிக்ஜாக் போடும் மெஷினில் அது பக்கவாட்டில் அகன்றிருக்கும்; ஒரு துண்டின் மூலையை வைத்ததும் 'டக்'கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நேர்த்தையல் தட்டு தனியாகக் கிடைத்தால் மாட்டிக்கொள்ளுங்கள். மறக்காமல் கழற்றுங்கள், இல்லையென்றால் ஜிக்ஜாக் போட்டதும் ஊசி உடையும். தட்டு கிடைக்காவிட்டால் முதலில் ஒரு கழிவுத் துணியைத் தைத்து, நூலை அறுக்காமல் அதன் பின்னாலேயே உங்கள் துண்டை விடுங்கள். ஊசி 70, நூல் 50 எண் பருத்தி. நூலில் எண் கூடினால் மெலிசு. தையல் நீளம் 2 மில்லிமீட்டர்.

அப்புறம் வெட்டும் சாமான். ஜப்பானின் ஓல்ஃபா 1979இல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தபிறகுதான் கத்தரிக்கோலுக்கு இந்த வேலையில் மரியாதை குறைந்தது. பொதுவாக 45 மில்லிமீட்டர் பிளேடு போதும். சின்னத் துண்டுக்கு எனக்கு 28 தான் கைக்கு அடக்கம். குண்டூசிமேல் ஒரு தடவை ஓட்டினால் பிளேடில் பல் விழும், அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நூல் அறாமல் நிற்கும். அளவுகோல் ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள். அடியில் விரிக்கும் வெட்டும் பாயில் அச்சடித்த கோட்டை நம்பி அளக்காதீர்கள். வழுக்காமல் இருக்க அளவுகோலின் அடியில் மெல்லிய உப்புத்தாளைப் பொட்டுப் பொட்டாக வெட்டி ஒட்டியிருக்கிறேன், பட்டறைப் புத்தி. வெட்டும் பாயைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். கோலாலம்பூர் வெயிலில் ஒரே மத்தியானத்தில் என் பாய் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

துணிக்கு செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி பண்டாராயாவில் இறங்குவேன். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், அங்கிருந்து நடந்தே மஸ்ஜிட் இந்தியா. நெருக்கமாக நெய்த சுத்தப் பருத்தி கேளுங்கள். இழுத்தால் நீளுகிற துணி வேண்டாம். பருத்தி பாத்திக் நன்றாக வெட்டுப்படும், அடர்ந்த நிறமாக இருந்தால் முதலில் அலசிச் சாயம் போகிறதா பாருங்கள். கைலித்துணிமேல் எனக்கு ஒரு ஆசை உண்டு. மலாய்க்காரர்கள் 'பெலிக்காட்' என்று சொல்லும் பெயரே நம்ம பழவேற்காட்டிலிருந்து (புலிக்காட்) வந்ததுதானே. ஆனால் சின்ன பிளாக்குக்கு அது ஆகாது. கட்டம் போட்ட துணி ஒரு நூல் கோணினாலும் ஊருக்கே காட்டிக் கொடுக்கும்.

வெட்டுவதற்கு முன்னால் கஞ்சி போடுங்கள், பின்னால் அல்ல. ஈரம் பட்டுத் துணி சுருங்கினால் வெட்டிய அளவு போய்விடும். நன்றாகக் காய்ந்து, காகிதம் மாதிரி விறைத்த துணியில்தான் ஓர் அங்குல வேலை சுலபம். முடித்ததும் கஞ்சியோடு அலமாரியில் வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு வெள்ளிமீன் பூச்சி விருந்துக்கு வந்துவிடும்.

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் குறுக்கு இழை நீண்டு சதுரம் சாய்சதுரம் ஆகும். முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையை இடப்பக்கம் சாயுங்கள். இரண்டையும் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் முட்டி நிற்கும். விரலால் தடவினால் பூட்டிக்கொண்டது தெரியும். அந்த இடத்தில் மெல்லிய குண்டூசி ஒன்று போதும். ஊசி அதன்மேல் ஏறுவதற்கு முன் உருவிவிடுங்கள்.

முக்கோணம் வரும் பிளாக்குக்கு மட்டும் நான் குறுக்கு வழியில் போவேன். தைத்து முடித்து ஓர் அங்குலம் வர, கணக்குப்படி ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். நான் இரண்டு அங்குலமாகவே வெட்டுகிறேன். இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டக் கோட்டுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரு முக்கோணம் சேர்ந்த சதுரம் இரண்டு கிடைக்கும். இஸ்திரி போட்டபின் அளவுகோலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல்மேல் வைத்து, நான்கு பக்கமும் சீவி, தையலுக்குப் போகும் விளிம்பும் சேர்த்து ஒன்றரை அங்குலம் ஆக்குகிறேன். "துணி வீணாகுதே" என்கிறார் வீட்டுக்காரம்மா. வீணாகத்தான் செய்கிறது. அந்தச் சிம்புகளை ஊசி குத்தும் மெத்தைக்குள் அடைத்துவைக்கிறேன்.