பிரேக் பேட் எவ்வளவு நாள் வரும்? உள்பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன்

பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை (டிஸ்க்) இருபுறமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துகிற உராய்வுத் துண்டு. பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே “பேட் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும்?” என்பதுதான். வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே மாடல் கார் இரண்டு வரும். ஒன்றில் 30,000 கி.மீ.யிலேயே பேட் தீர்ந்திருக்கும், இன்னொன்றில் 70,000 தாண்டியும் பாக்கி இருக்கும். முதல் வண்டி சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டி. மற்றது நெடுஞ்சாலையிலேயே ஓடுவது.

ஓட்டுகிற கையும் முக்கியம். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதித்துப் போய், கடைசியில் அழுத்திப் பிடிப்பவருக்குப் பேட் நிற்காது. 80 கி.மீ. வேகத்திலிருந்து வண்டியை நிறுத்தினால், 40-லிருந்து நிறுத்தும்போது வருவதைப் போல நான்கு மடங்கு சூடு பிரேக்கில் இறங்குகிறது. மலையிறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து வருபவர்களுக்கும் இதே கதிதான். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் வெகுகாலம் வரும். ஆனால் அங்கே வேறு தொல்லை. பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும்.

அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். புதிய முன்சக்கர பேடில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். பின்சக்கரத்தில் கொஞ்சம் குறைவு. 4 மி.மீ.க்கு வந்துவிட்டால் புதிய பேடுக்கு ஏற்பாடு செய்யுங்கள். 3 மி.மீ. என்றால் மாற்றிவிடுங்கள். 2-க்குக் கீழே போன பேடோடு வண்டியை வெளியே அனுப்ப எனக்கு மனசு வராது. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: பேடுக்குப் பின்னால் இருக்கிற இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு “இன்னும் நிறைய இருக்கே” என்பார்கள். அந்தத் தகடே ஐந்து மி.மீ. அளவுக்கு இருக்கும். அது கணக்கில் வராது.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்தால் வெளிப்பக்கப் பேட் தெரியும். தெரிகிறதே என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான கார்களில் பேடை அழுத்துகிற பிஸ்டன் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னில் கிரீஸ் வறண்டு துரு ஏறினால் காலிப்பர் நகராது, உள்பக்கப் பேட் மட்டும் தனியாகத் தேயும். வெளியே 6 மி.மீ. காட்டும், சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருக்கும். அதனால் டயர்களை இடம் மாற்றும்போதெல்லாம், சக்கரம் எப்படியும் கழன்றுதான் இருக்கிறது, உள்பக்கத்தையும் அளந்து குறித்து வையுங்கள். 11 மி.மீ. இருந்தது 20,000 கி.மீ.யில் 7 ஆகியிருந்தால், மி.மீ.க்கு 5,000 கி.மீ. மீதி எவ்வளவு ஓடும் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். மெலிந்த பேட் சீக்கிரம் சூடேறும் என்பதால் அந்தக் கணக்கில் கொஞ்சம் கழித்தே வையுங்கள்.

சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். பல பேடுகளில் சின்ன எஃகு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு ‘கீச்’சென்று மெல்லிய விசில் மாதிரி கத்தும். பிரேக் மிதித்தால் சில வண்டிகளில் அந்தச் சத்தம் நின்றுவிடும், அதனால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ‘கரகர’ என்று அரைத்தால் இரும்பும் இரும்பும் உரசுகிறது. அன்றைக்கே நிறுத்துங்கள். மழைக்கு மறுநாள் காலையில் முதல் நாலைந்து மிதிக்கு மட்டும் வருகிற உரசல் டிஸ்க்கில் படிந்த துரு, தானே போய்விடும். மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால் சந்தேகம் டிஸ்க் மேல். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரைப் பாருங்கள்.

பிரேக் ஆயில் மட்டம் மெல்ல மெல்லக் குறைகிறதா? கசிவு இல்லையென்றால் பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயிலை ஊற்றி டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டால் பிரச்சினை போய்விடாது. டேஷ்போர்டில் பேடுக்கென்று தனி விளக்கு உள்ள கார்களிலும் எல்லாச் சக்கரத்திலும் சென்சார் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

மாற்றும்போது ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போதும் என்று பேரம் பேசுபவர்களிடம் நான் இறங்கிவருவதில்லை. டிஸ்க்கையும் அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் டிஸ்க்கும் புதிதுதான். வீட்டிலேயே செய்கிறவர்கள் காலிப்பரைப் பிரேக் ஆயில் வருகிற ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலேறி வழியலாம், ஒரு கண் வைத்திருங்கள். ஸ்லைடு பின்னுக்கு அதற்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள பின்சக்கரத்தை, அந்த பிரேக்கைத் தளர்த்துகிற சர்வீஸ் மோடில் போடாமல் தொடவே வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்றா? வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி அடிவரை போகும், பெடல் கெட்டியான பிறகே கிளம்ப வேண்டும். அப்புறம் காலியான சாலையில் 50-லிருந்து 10 கி.மீ. வரை நிதானமாக வேகத்தைக் குறையுங்கள், முழுக்க நிற்காமல் பத்துத் தடவை போல, நடுநடுவே சூடு ஆற விட்டு. பேட் டிஸ்க்கோடு படிய இது வேண்டும். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். அப்போது லேசாகக் கருகல் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் மற்ற சக்கரங்களைவிட ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் விடாமல் பிடிக்கிறது, நேரே பட்டறைக்குத் திரும்பி வாருங்கள்.