பழைய டியூப் டிவியில் ஆர்கேட் ஆட்டம்: கணினியைத் தயார் செய்யும் முறை

கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினி வழியாக டியூப் டிவியில் ஓட்ட, முதலில் டிவியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கணினிக்கு எதை வாங்குவது என்பதை அங்கே இருக்கும் சாக்கெட்டுகள்தான் தீர்மானிக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மட்டும் இருந்தால் சாதா ஏவி. அதோடு பச்சை, நீலம், சிவப்பு என்று தனியாக மூன்று இருந்தால் காம்போனன்ட். நமக்கு வேண்டியது அதுதான். திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் டிவி ரிப்பேர் கடையில், “அண்ணாச்சி, பின்னால பச்ச, நீலம், செவப்பு பின்னு உள்ள 21 இஞ்ச் செட்டு கெடக்கா?” என்று கேளுங்கள். காட்டினால் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். டியூப் களைத்திருந்தால் சூடேறும் வரை படம் மங்கலாகவே நிற்கும்.

2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி பரணில் இருந்தால் அதையும் எடுத்துத் துடைக்கலாம். ஆனால் மஞ்சள் சாக்கெட் மட்டும்தான் என்றால் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் போகும். ஸ்கோர் எழுத்துகளின் ஓரம் கசியும். முகப்பில் 100 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் டியூப் டிவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது படத்தை உள்ளே டிஜிட்டலாக்கி மறுபடி வரைகிறது. பட்டனை அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் நடுவே இடைவெளி வந்துவிடும்.

பழைய ஆர்கேட் மானிட்டர் விநாடிக்குச் சுமார் 15,700 கோடு வரையும். நம் ஊர் PAL முறை டிவி வரைவது 15,625. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதால்தான் இந்த வேலையே கைகூடுகிறது. கணினியின் விஜிஏ 31,500-ல்தான் தொடங்கும். அதை அப்படியே டிவிக்குக் கொடுத்தால் படம் கிழிந்து ஓடும். சில செட்டுகளில் கோடுகளை வரையும் லைன் பகுதிக்கும் கேடு. எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் மலிவுப் பெட்டியை நடுவில் வைத்தால் படம் வரும், ஆனால் அது படத்தைச் சுருக்கி நீட்டி, தாமதத்தையும் சேர்த்துவிடும். கணினியே விநாடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடு, அதாவது 15 கிலோஹெர்ட்ஸ், கொடுக்க வேண்டும்.

அதற்கு அனலாக் வெளியீடு உள்ள பழைய ரேடியான் கார்டு போதும்: எச்டி 5450, எச்டி 6450, ஆர்5 230 போன்றவை. விஜிஏ சாக்கெட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். டிவிஐ மட்டும் இருந்தால் அது DVI-I வகையாக இருக்க வேண்டும். DVI-D வகையில் அனலாக் வராது. 2டி ஆட்டங்களுக்கு இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், ஒரு சிறு எஸ்எஸ்டி தாராளம்.

விண்டோஸ் 10, 64 பிட் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதையும் ஒரு எல்சிடி மானிட்டரில் செய்யுங்கள், டிவியை இப்போது தொட வேண்டாம். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, பழைய ஏஎம்டி டிரைவரை முழுதாக நீக்கி, விண்டோஸை டெஸ்ட் மோடுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்த பிறகே, ரேடியான் கார்டை 15 கிலோஹெர்ட்ஸ் கொடுக்க வைக்கும் சிஆர்டி எமுடிரைவரை நிறுவ வேண்டும். டெஸ்ட் மோடை மறந்தால் கையொப்பமில்லாத அந்த டிரைவரை விண்டோஸ் ஏற்காது. பலர் கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பது இந்த இடத்தில்தான். பிறகு அதோடு வரும் விஎம்மேக்கர் என்ற கருவியில் ‘ஜெனரிக் 15’ என்ற மானிட்டரைத் தேர்ந்து மோடுகளை நிறுவுங்கள். அகலத்துக்கு 2560 என்ற சூப்பர் ரெசல்யூஷன் வைத்தால் எல்லா ஆட்டத்துக்கும் அதுவே போதும். உயரமும் வேகமும் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

ஆட்டத்தை ஓட்டுவது குரூவிமேம்; ஆர்கேட் இயந்திரத்தைப் போலவே நடிக்கும் மேம் என்ற மென்பொருளின் டியூப் திரைக்கான வடிவம் அது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விநாடிக்கு 59.6 படம், மெட்டல் ஸ்லக் 59.2, மார்ட்டல் காம்பாட் 54.7, ஆர்-டைப் 55. சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரையில் இந்த ஆர்-டைப்பை ஓட்டினால் பின்னணி நகரும்போது விநாடிக்கு ஐந்து தடவை விக்கும். குரூவிமேம் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேகத்தைக் கார்டிடம் கேட்டு வாங்குவதால் நட்சத்திரங்கள் வழுக்கிக்கொண்டு போகும். மேம்.ஐஎன்ஐ கோப்பிலும் மானிட்டர் என்ற வரியில் ஜெனரிக் 15 இருக்கட்டும். பட்டன் தாமதத்தைக் குறைக்கும் ஃபிரேம் டிலே 0-விலிருந்து 9 வரை; ஒவ்வொன்றாகக் கூட்டி, சத்தம் தடுமாறும் இடத்திலிருந்து இரண்டு குறைத்துக்கொள்ளுங்கள். உரிமையோடு கிடைத்த ரோம் (ROM) என்ற ஆட்டக் கோப்பாக இருந்தாலும் மேம் பதிப்போடு பொருந்தாவிட்டால் ஓடாது. மெட்டல் ஸ்லக் போன்ற நியோஜியோ இயந்திர ஆட்டத்துக்கு அந்த இயந்திரத்தின் பயாஸ் ஜிப்பும் அதே ஃபோல்டரில் வேண்டும்.

இனி கேபிள். விஜிஏவின் ஆர்ஜிபியைக் காம்போனன்டாக மாற்ற டிரான்ஸ்கோடர் ஒன்று வேண்டும். வாங்கும்போது 15 கிலோஹெர்ட்ஸ் ஏற்குமா, விஜிஏவிலிருந்து தனித்தனியாக வரும் இரண்டு சிங்க்குகளை, அதாவது படத்தை நிலைநிறுத்தும் சிக்னல்களை, தானே சேர்த்துக்கொள்ளுமா என்று இரண்டையும் கேளுங்கள். 31 கிலோஹெர்ட்ஸை மட்டும் எடுக்கும் பெட்டிகள் சந்தையில் நிறைய. டிவிக்குப் போகும் சிங்க் பச்சைக் கம்பியில்தான் பயணிக்கிறது. நிறம் வந்து படம் உருண்டால் முதலில் பச்சைப் பின்னை அழுத்திப் பாருங்கள். படம் நிலையாக நின்று எல்லாம் ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிந்தால் நீலமும் சிவப்பும் இடம் மாறியிருக்கும், அல்லது ஒன்று கழன்றிருக்கும்.

விண்டோஸ் முழுதாக ஏறிய பிறகே டிவியை ஆன் செய்யுங்கள். பூட் ஆகும்போது வருவது 31 கிலோஹெர்ட்ஸ். டெஸ்க்டாப் 640x480 இன்டர்லேஸில், அதாவது கோடுகளை ஒன்று விட்டு ஒன்றாக வரையும் முறையில், நடுங்கும், அது இயல்பு. ஆட்டம் 240 கோட்டுக்கு மாறியதும் நடுக்கம் நின்று கோடுகளுக்கு இடையே கறுப்பு இழை தெரியும்.

பேக்மேன் போல நிமிர்ந்த திரைக்குச் செய்த நெட்டு ஆட்டங்கள் தனிக் கதை. படுத்த திரையில் அதற்கு 288 கோடு வேண்டும். 60 ஹெர்ட்ஸில் அது 18 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும், டிவி ஏற்காது. குரூவிமேம் இன்டர்லேஸுக்குப் போய்விடும். டிவியைப் பக்கவாட்டில் நிமிர்த்தினால் நேர்த்தியாக வரும், ஆனால் பூமியின் காந்தப் புலத்தால் மூலையில் நிறத் திட்டு விழும். மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி விட்டு ஆன் செய்யுங்கள். உள்ளே காந்தத்தை நீக்கும் டிகாஸ் காயில் அப்போதுதான் வேலை செய்யும். திட்டு போகாவிட்டால் அந்தக் காயிலுக்கு மின்சாரம் விடும் பாசிஸ்டரை மாற்ற வேண்டும். காற்றோட்டத் துளைகள் அடைபடாதபடி கட்டை கொடுத்து வையுங்கள்.

படம் மேலே சுருங்கியோ மடிந்தோ வந்தால் வெர்டிகல் ஐசி பக்கத்துக் கன்டென்சர்கள் காய்ந்திருக்கும், அல்லது அதன் கால்களில் டிரை சால்டர், அதாவது விட்டுப்போன ஈயப் பற்று, இருக்கும். மூடியைத் திறந்து பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப்பின் ஆனோடில் (உயர் வோல்ட் முனை) 20,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்; சப்ளையின் பெரிய கன்டென்சரில் 300 வோல்ட் நிற்கும்.

உவரி, திருச்செந்தூர்க் கடற்கரைப் பக்கத்திலும், சாரல் மாதங்களில் தென்காசி, குற்றாலத்திலும் ஆன் செய்ததும் படம் பஞ்சு போலக் கலங்கி, பத்து நிமிடத்தில் தெளிவது உண்டு. டியூப் கழுத்தின் சாக்கெட்டில் ஈரம் ஏறி ஃபோகஸ் கசிகிறது என்று பொருள். ஃபோகஸ் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முயலாதீர்கள். காய்ந்ததும் அது மறுபடி விலகிப்போகும். சாக்கெட்டையே மாற்றச் சொல்லுங்கள்.