ஜெலட்டின் நானோ இழைகளை மருத்துவப் பயன்பாட்டிற்குப் பாதுகாப்பாக நூற்கும் முறை

காயத்தை மூடும் உறையாகவும் புதிய திசு பற்றி வளர்வதற்கான சட்டகமாகவும் பயன்படும் நானோ இழைகளை ஜெலட்டின், கைட்டோசான், பட்டுப் புரதமான ஃபைப்ராயின் முதலிய இயற்கைப் பாலிமர்களிலிருந்து (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளிலிருந்து) மின்நூற்பு முறையில், அதாவது உயர் மின்னழுத்தத்தால் கரைசலை மெல்லிய இழையாக இழுக்கும் முறையில், தயாரிக்கலாம். ஆனால் மூலப்பொருள் இயற்கையானது என்பதாலேயே விளைபொருளும் உடலுக்குத் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பாலிமரைக் கரைத்த திரவம், இழை நீரில் கரையாதிருக்கச் சேர்த்த வேதிப்பொருள், மூலப்பொருளோடு கூடவே வரும் நுண்ணுயிரி எச்சம் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் தொல்லை தருபவை. எளிதில் கையாளக்கூடியது என்பதால் ஜெலட்டினை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கரைப்பான். ஹெக்சாஃப்ளூரோ ஐசோப்ரோப்பனால் ஏறக்குறைய எல்லாப் புரதங்களையும் கரைத்து அழகான இழைகளைத் தரும். ஆனால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும், எளிதில் ஆவியாகி மூச்சுக்குழாயைத் தாக்கும். ஜெலட்டினின் மூலப் புரதமான கொலாஜனை அதில் கரைத்து நூற்றால் அதன் மூவிழைச் சுருளமைப்பு பெரிதும் குலைந்து, அது ஜெலட்டினைப் போலாகிவிடுகிறது. விலையுயர்ந்த கொலாஜனை வாங்கி ஜெலட்டின் செய்வதில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலம் இதைவிட நல்ல தேர்வு. மருந்துகளில் எஞ்சும் கரைப்பான்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதலில் அது நச்சுத்தன்மை குறைந்த மூன்றாம் வகுப்பில் இடம்பெறுகிறது.

சுமார் 40 சதவீத அசிட்டிக் அமிலத்தில், 100 மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை ஜெலட்டினைச் சேர்த்து, 40 டிகிரி செல்சியஸில் மெதுவாகக் கலக்கிக் கரைக்க வேண்டும். வெறும் நீரில் ஜெலட்டின் அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும். அமிலம் அதைத் தடுக்கிறது. அதே அமிலம் நாளடைவில் புரதச் சங்கிலிகளைத் துண்டித்துக் கரைசலின் பாகுத்தன்மையைக் குறைத்துவிடும் என்பதால், அன்றன்று தயாரித்த கரைசலை அன்றே நூற்றுவிடுவது நல்லது. இழையின் நடுவே மணி கோத்ததுபோல் திரட்சிகள் தோன்றினால் கரைசல் நீர்த்திருக்கிறது என்று பொருள். மின்னழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன் செறிவைக் கூட்டிப் பாருங்கள்.

கரைசலைச் சிரிஞ்சில் ஏற்றி, மணிக்கு 0.3 முதல் 1 மில்லிலிட்டர் வரை செல்லுமாறு பம்பை அமைத்து, ஊசி முனைக்கும் இழைகள் வந்து படியும் சேகரிப்பானுக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மின்னழுத்தத்தை 12 முதல் 20 கிலோவோல்ட் வரை படிப்படியாக உயர்த்த வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்திற்கு மேல் போனால் இழைகள் முழுதும் உலராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவி முழுவதும் ஆவியை வெளியேற்றும் மூடிய பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் மின்சாரம் தானே துண்டிக்கப்படும் அமைப்பும், எர்த் செய்யப்பட்ட சேகரிப்பானும் கட்டாயம். ஊசி முனையில் உலர்ந்து நிற்கும் துளியைக் கையால் துடைத்துவிடத் தோன்றும் கணமே மிகவும் ஆபத்தானது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், காப்பிடப்பட்ட பிடியுள்ள எர்த் கோலால் முதலில் ஊசியைத் தொட்டு, அதன்பின் கையை நீட்டுங்கள். எத்தனால் போன்ற தீப்பற்றும் கரைப்பான் இருக்கும்போது ஒரு சிறு பொறிகூடத் தீயாகிவிடும்.

இப்படிக் கிடைக்கும் இழை விரிப்பு உடல் வெப்பத்திலுள்ள நீரில் கரைந்துவிடும். அதைத் தடுக்கத்தான், புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் இணைக்கும் குறுக்குப் பிணைப்பு தேவைப்படுகிறது. குளுட்டரால்டிஹைடு ஆவி வேகமாக வேலை செய்யும், ஆனால் வினைபுரியாமல் எஞ்சும் ஆல்டிஹைடு செல்களைக் கொல்லும். கார்போடையிமைடு வகையைச் சேர்ந்த ஈடிசி என்ற பிணைப்பு வேதிப்பொருளை என்எச்எஸ் என்ற துணைப்பொருளோடு 90 சதவீத எத்தனாலில் கரைத்து, அதில் விரிப்பை ஊறவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஈடிசி தானே பிணைப்பில் தங்குவதில்லை. அதன் துணைவிளைபொருள் நீரில் கரையும் யூரியாச் சேர்மம் என்பதால் கழுவி அகற்றிவிடலாம். எத்தனால் மிகுந்திருப்பதால் பிணைப்பு உருவாகும்வரை இழைகளும் கரையாமல் நிற்கும். கழுவும் நீரைப் பலமுறை மாற்றுவதில் சலிப்படையக் கூடாது.

70 சதவீத எத்தனாலில் நனைப்பது கிருமிநீக்கம் ஆகாது. பாக்டீரிய வித்துகள் அதில் பிழைத்துக்கொள்ளும். அழுத்த நீராவிக் கலமான ஆட்டோகிளேவின் ஈர வெப்பம் ஜெலட்டின் இழைகளைச் சிதைத்துவிடும். காமா கதிர்வீச்சைப் பயன்படுத்தலாம், எனினும் அது சங்கிலிகளை வெட்டக்கூடும் என்பதால், கிருமிநீக்கத்திற்குப் பின் இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மறுபடியும் பார்க்க வேண்டும். விலங்குகளிடமிருந்து பெற்ற ஜெலட்டினில், பாக்டீரியச் சுவரிலுள்ள நச்சுப்பொருளான எண்டோடாக்சின் இருக்க வாய்ப்புண்டு. கிருமிகள் இறந்த பின்னும் அது அழியாமல் காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும். ஆகவே எண்டோடாக்சின் குறைந்த மருத்துவத் தர மூலப்பொருளையே வாங்கி, கண்ணாடிக் கலங்களை 250 டிகிரியில் 30 நிமிடம் சுட்டுப் பயன்படுத்துவது முறை.

இறுதியாக, விரிப்பை வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் செல்களின்மீது சோதிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 10993-5 தரநிலைப்படி, செல்களின் உயிர்ப்பு ஒப்பீட்டுக் குழுவில் உள்ளதைவிட 30 சதவீதத்திற்கு மேல் குறைந்தால் அந்தப் பொருளுக்கு செல் நச்சுத்தன்மை இருப்பதாகக் கொள்ளப்படும். அப்படி நேர்ந்தால் பாலிமரை மாற்றுவதற்கு முன், கழுவும் முறையை நீட்டித்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தேறினாலும் அது முதல் படி மட்டுமே. மனித உடலில் வைப்பதற்கு முன் விலங்குச் சோதனைகளும் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலும் தேவை.