தாவரச் சாற்றால் துருவைத் தடுக்கும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்விக்கும் நீரில் துருப் பிடிக்காமலிருக்க ஒரு காலத்தில் குரோமேட் கலந்தார்கள். அது நஞ்சு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அதனால் ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று நம் மாணவர்கள் மாற்றுத் தேடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இவற்றில் உள்ள, தோல் பதனிட உதவும் அதே டானின், இரும்பின் மேல் படலமாக ஒட்டி அரிப்பைக் குறைக்கக்கூடியது.

ஆனால் பலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சோதித்துவிட்டு, தண்ணீருக்கும் அதே முடிவைச் சொல்கிறார்கள். பெரிய தவறு இதுதான். அமிலத்தில் துரு கரைந்து இரும்பு வெறுமையாக இருக்கும். சாறு நேராகப் போய் ஒட்டும். தண்ணீரிலோ அரிப்பை நடத்துவது கரைந்திருக்கும் ஆக்சிஜன். துருப் படலம் குறுக்கே நிற்கும், குளோரைடு வேறு ஓயாமல் தாக்கும். காய்ச்சி வடித்த நீரும் உதவாது. உங்கள் ஊர் போர் தண்ணீரையே எடுங்கள், அதன் பி.எச்., குளோரைடு, கடினத்தன்மை மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள்.

அடுத்தது எடை பார்ப்பது. ஊறவைத்த மைல்டு ஸ்டீல் தகட்டைத் துருவோடு தராசில் வைத்தால், ஒட்டியிருக்கும் துருவின் எடை இழப்பை மறைத்துவிடும். இரும்பை அதிகம் அரிக்காமல் துருவைக் கரைக்கும் அமிலக் கலவையான கிளார்க் கரைசலில் துருவை நீக்கி, கழுவி, உலர்த்திய பிறகே எடை போட வேண்டும். ஊறவைக்காத தகடு ஒன்றையும் அதே கரைசலில் முக்குங்கள். அதில் குறையும் எடையைக் கணக்கில் கழிக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாறு இல்லாத நீரில் 40 மில்லிகிராம், சாறு கலந்த நீரில் 10 மில்லிகிராம் போனால் தடுப்புத்திறன் 75 சதவீதம்.

'10 மி.லி. சாறு' என்பது அளவே இல்லை. கொஞ்சம் சாற்றை வற்றவைத்து, மிஞ்சும் திடப்பொருளை எடை போட்டு, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லுங்கள். வேலூர் வெயிலில் சாறு சீக்கிரமே புளித்துப்போகும், அதில் வளரும் நுண்ணுயிரிகளே அரிப்பைத் தூண்டலாம். அன்றன்று தயாரியுங்கள்.

சாற்றோடு, தானும் அரிப்பைக் குறைக்கும் துத்தநாக உப்பையும் சேர்த்தால், துத்தநாகம் மட்டும் உள்ள நீரில் ஒரு தகடு கட்டாயம். இல்லாவிட்டால் அதன் பலனெல்லாம் சாற்றின் கணக்கில் போய்விடும்.

டானின் இரும்போடு சேர்ந்தால் தண்ணீர் நீலக்கறுப்பாகும். வீட்டுத் தொட்டியில் இதை ஊற்ற வேண்டாம். மூடிய குளிர்விப்புச் சுற்றுக்குத்தான் சரி. கடைசியாக, தகட்டை லென்ஸில் பாருங்கள். மொத்த எடை இழப்பு குறைவாக இருந்தும் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால், அந்த அளவு சாறு போதவில்லை என்றே எழுதுங்கள்.