போறணை இல்லாமல் ஒரு ராத்தல் பாண்

வேலை நாட்களில் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் ஓடுகிற அவசரத்தில் ஒரு ரொட்டியும் சம்பலும் வாயில் போட நேரம் கிடைத்தாலே பெரிய காரியம். ஞாயிற்றுக்கிழமையாவது ஆற அமர உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுவும் வீட்டிலேயே சுட்ட பாணாக இருந்தால் எவ்வளவு நல்லது! அதற்கு பேக்கரிப் போறணையும் வேண்டாம், கரண்ட் ஓவனும் வேண்டாம். மூடியுள்ள கனமான சட்டி ஒன்றும் அடுப்பும் போதும்.

மலைநாட்டுக் குளிரில் மா பொங்காது என்று நினைத்தே பலர் இதைத் தொடுவதில்லை. பொங்கும், மெதுவாகப் பொங்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். கொழும்பில் ஓரிரு மணி நேரத்தில் பொங்கிவிடுகிற மா இங்கே இரவு முழுக்க எடுக்கும். ஆனால் அது நமக்கு நல்லதுதான். ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும்போது பாணுக்கு மணமும் ருசியும் கூடுகிறது. நீண்ட நேரம் ஊறுவதால் மா தானாகவே இழுவை பிடித்துக்கொள்ளும், கை வலிக்கப் பிசையத் தேவையில்லை.

சனி இரவு

கடையில் விற்கும் ஒரு ராத்தல் பாண் 450 கிராம். அந்த அளவுக்கு நமக்கு 300 கிராம் கோதுமை மா வேண்டும். தராசு இல்லையென்றால் அளவுக் கப்பால் இரண்டரைக் கப். அதில் ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போட்டுக் கலக்குங்கள். கண்டி, மாத்தளைப் பக்கம் இருப்பவர்கள் ஈஸ்ட்டைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அங்கே சூடு அதிகம். அப்புறம் முக்கால் கப் தண்ணீரும் மேலும் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரும், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயும் ஊற்றி, உலர்ந்த மா எங்கும் தெரியாதபடி கையால் கூட்டுங்கள். ரொட்டி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக, கையில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும். அதைப் பார்த்து மேலும் மா சேர்த்துவிடாதீர்கள். பாண் கல்லாகிப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பாத்திரத்தை மூடி அடுப்படியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஞாயிறு காலை

மா இரண்டு மடங்காகி, மேலே குமிழ் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் காத்திருங்கள், கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதுதான் முக்கியம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதை மெதுவாக மடித்து உருட்டி, எண்ணெய் பூசிய கேக் தட்டிலோ சின்ன அலுமினியச் சட்டியிலோ வையுங்கள். வாழையிலை கிடைத்தால் அனலில் வாட்டி அடியில் விரிக்கலாம், ஒட்டாது. அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் மறுபடி உப்பும். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக நிமிர வேண்டும்.

இனி நம் போறணை. பெரிய, கனமான சட்டியின் அடியில் ஓர் அங்குலத்துக்கு உலர்ந்த மணலோ கல்லுப்போ பரப்பி, அதன் மேல் சின்ன வளையம் ஒன்றை வையுங்கள். நான்ஸ்டிக் சட்டியை இதற்கு எடுக்காதீர்கள், வெறும் சூட்டில் அதன் பூச்சு கெட்டு நச்சுப் புகை வரும். மூடி போட்டுப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு ஒரு சிறு தகர மூடியில் ஒரு சிட்டிகை மாவை உள்ளே வைத்துப் பாருங்கள். சீக்கிரமே கருகினால் சூடு அதிகம், மெதுவாகப் பொன்னிறமானால் சரி. அப்போது பாண் தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடிவிடுங்கள்.

விறகடுப்பு இருக்கிறவர்கள்தான் இதில் கொடுத்து வைத்தவர்கள். கவ்வாத்து மிளாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிப் போட்ட கிளைகள், நல்ல தணல் தரும். கீழே ஒரு பங்கு தணல் என்றால் மூடியின் மேல் இரண்டு பங்கு போடுங்கள். அடியில் இருக்கும் சூடு பாணை நேராகப் பிடிக்கிறது, மேலே உள்ள தணலோ மூடியையும் காற்றையும் தாண்டித்தான் வர வேண்டும். அளவு மாறினால் அடி கருகி, மேல் வெள்ளையாகவே நிற்கும். கேஸ் அடுப்பென்றால் மிதமான தீ போதும். மேல் சிவக்காது, வெந்த பிறகு பாணை ரொட்டித் தட்டில் கவிழ்த்து ஐந்து நிமிடம் சுட்டெடுத்தால் நிறம் வந்துவிடும்.

குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு தணல் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு நிறமும் மணமும் இல்லாதது, மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அறைகள் சின்னவை, அதனால் கட்டாயம் காற்றோட்டம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நாற்பது நிமிடத்தில் பாண் வெந்துவிடும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, ஈரமான பாணின் உட்பகுதியும் அதற்கு மேல் சூடாகாது. ஆகவே அங்கே இன்னும் ஐந்து, பத்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள். பாணை எடுத்து அடியில் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் கேட்க வேண்டும்.

உடனே வெட்ட வேண்டும் போலத்தான் இருக்கும், ஆனால் இருபது நிமிடம் பொறுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும். அந்த இடைவெளியில் கட்ட சம்பல் அரைக்கலாம், பருப்பைத் தாளிக்கலாம், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கலாம். பிள்ளைகளுக்கு பட்டர் தடவிச் சீனி தூவிக் கொடுங்கள்.

மிச்சமிருந்தால் துணியில் சுற்றி வையுங்கள். திங்கள் காலையில் துண்டு போட்டு ரொட்டித் தட்டில் வாட்டினால், பெரட்டுக்குப் போகும் முன் கட்டிக்கொண்டு போக அது சரியாக இருக்கும்.