ரெமிஷன் என்றதும் எல்லாம் சரியாகிவிடுமா? ஃப்ளூ ஊசி விஷயத்தில் நடக்கும் தவறுகள்

"ரெமிஷன்" என்று டாக்டர் சொன்ன அன்றே உடம்பு பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் ஆரம்பிக்கின்றன. அந்தச் சொல் புற்றுநோயைப் பற்றியது. நோயின் தடயம் குறைந்திருக்கிறது, அல்லது ஸ்கேனில் தென்படவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தி எந்த நிலையில் இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸின் பாகங்கள். அவற்றை அடையாளம் காணும் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள், டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் துணையோடு பெருகி, வைரஸை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரக்க வேண்டும். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கே இதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். கீமோ இந்த இரண்டு படைகளையும் பெருமளவு குறைத்துவிட்டுப் போயிருக்கும். பி செல்கள் சில மாதங்களில் எண்ணிக்கையில் தேறிவரும். டி செல்கள் அத்தனை சீக்கிரம் தேறாது. அவற்றைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே வருவதால், பெரியவர்களுக்கு இந்தத் தாமதம் இன்னும் அதிகம். ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளணு எண்ணிக்கை நார்மல் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். ஊசிக்குப் பதில் சொல்ல வேண்டிய லிம்ஃபோசைட்டுகள் (பி, டி செல்கள் இதில்தான் அடக்கம்) அதே தாளில் தனி வரியில் இருக்கும், அதையும் பாருங்கள். அந்த வரி சரியாக இருந்தாலும் செல்களின் திறமையை அது காட்டாது.

லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்து எடுத்தவர்களின் கதை இன்னும் விசித்திரம். அந்த மருந்து பி செல்களையே குறிவைத்து அழிக்கிறது. கடைசி டோஸ் முடிந்து 6 மாதம், சிலருக்கு அதற்கு மேலும், ரத்தத்தில் பி செல்களைத் தேடத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஆன்டிபாடி சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்களை அது தொடுவதில்லை. அதனால் ரிப்போர்ட்டில் மொத்த ஆன்டிபாடி அளவு ஓரளவு சரியாகவே தெரியலாம். இருப்பதெல்லாம் பழைய சரக்கு. புதிய வைரஸ் ரகத்துக்குப் புதிதாகத் தயாரிக்க ஆள் இல்லை. ஆகவே ஊசி போடப் போகும்போது "எனக்கு ரெமிஷன்" என்று மட்டும் சொன்னால் போதாது. கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் என்பதையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "அப்படியானால் ஊசியே வீண்" என்று விட்டுவிடுகிறார்களே, அதுதான் என் கணக்கில் இருப்பதிலேயே பெரிய தவறு. பலன் முழுசாகக் கிடைக்கும், இல்லையென்றால் பூஜ்யம் என்று இங்கே எதுவும் இல்லை. மார்பகம், குடல் போன்ற இடங்களில் கட்டி வந்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய்க்காரர்களைவிடப் பொதுவாக நல்ல பலன் கிடைக்கிறது. சிகிச்சை நடக்கும்போது போட்டதைவிட, முடிந்து சில மாதம் கழித்துப் போட்டதற்கு உடம்பு நன்றாகப் பதில் சொல்லும். ஆனால் அந்த "நல்ல நேரம்" வரட்டும் என்று காத்திருந்து ஃப்ளூ சீசனையே தவறவிடுவதிலும் அர்த்தமில்லை. எப்போது போடலாம் என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

போன வருஷம் போட்டாயிற்றே என்று இருந்துவிடுவதும் சரியில்லை. ஆன்டிபாடி மாதங்களில் குறைந்துவிடும். வைரஸும் உருமாறிக்கொண்டே இருக்கும். எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, வட கோளத்துக்கு பிப்ரவரியிலும் தென் கோளத்துக்கு செப்டம்பரிலும், பரிந்துரைப்பது அதனால்தான். ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர்கள் அதற்கு முன் போட்ட ஊசிகளைக் கணக்கில் வைத்துக்கொள்ளவே கூடாது. பழைய நினைவாற்றல் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும்.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேறு சமாச்சாரம். அதில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது வேண்டாம். ஊசி பயந்தானே என்று அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

அப்புறம், எந்தக் கை என்பது. மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) எடுத்தவர்கள் ஊசியை மறு கையில் போட்டுக்கொள்வது வழக்கம். ஸ்கேன் நாளும் இதில் சேரும். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டுவது இயல்பு; எதிர்ப்புச் செல்கள் அங்கேதான் கூடி வேலை செய்கின்றன. பெட் ஸ்கேனில் அந்த நெறி பளிச்சென்று ஒளிரலாம். ஊசி போட்டதை யாரும் சொல்லவில்லையென்றால், ரிப்போர்ட் எழுதுபவருக்கு அது நோய் திரும்பியதைப் போலத் தெரியும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. எந்தக் கை, எந்தத் தேதி என்று ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு வரி சொன்னால் தீர்ந்தது.

ஊசி "பிடித்ததா" என்று காசு கொடுத்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுப்பதைப் பொதுவாக யாரும் பரிந்துரைப்பதில்லை. 1:40 என்ற அளவை (ரத்தத்தின் சீரத்தை 40 மடங்கு நீர்த்தாலும் ஆன்டிபாடி வேலை செய்வது) பாதுகாப்பின் அடையாளமாகச் சொல்வது உண்டு. ஆரோக்கியமானவர்களிடம்கூட அது தொற்று வாய்ப்பைப் பாதியளவு குறைக்கும் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பணத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஊசி போட்டுவிடலாம். வைரஸ் பெரும்பாலும் கூட இருப்பவர்கள் மூலம்தானே வருகிறது?

ஊசி போட்டுக்கொண்ட தைரியத்தில் காய்ச்சலை இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. ஃப்ளூ வைரஸுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே டாக்டருக்கு போன் போடுங்கள், ராத்திரியாக இருந்தாலும்.