அதனால்? – கதைக்குள் இருக்கும் கதையைப் படிப்பது எப்படி

மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 28 ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். பிளஸ் டூ விடைத்தாள்களில் நான் சிவப்பு மையில் அதிகம் எழுதிய சொல் "அதனால்?" என்பதுதான். ‘இக்கதை இராமாயணத்தைத் தழுவி எழுதப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தழுவியது சரி. அதனால் இந்தக் கதைக்கு என்ன கூடியது, என்ன குறைந்தது? அதைச் சொன்னால்தான் படித்ததாக அர்த்தம்.

ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடிப் படிக்கிறோம். அங்கே நாங்கள் செய்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1943இல் வந்தது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். பிறகு ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

முதல் வாசிப்பில் எதையும் தேடாதீர்கள். எந்த இடத்தில் மனசு இடறுகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள், போதும். இந்தக் கதையில் கோதமன், அகலிகை, ராமன் என்று பெயர்களே வெளிப்படையாக நிற்கின்றன, அதனால் தொடங்குவது சுலபம். (கோதமன் உருவில் வந்த இந்திரனோடு சேர்ந்ததால் கணவனின் சாபத்துக்கு ஆளாகி, பிறகு ராமனால் மீட்கப்பட்டவள் அகலிகை.) பல கதைகளில் பெயர் இருக்காது. ஒரு பழைய சொல், ஒரு விசித்திரமான பொருள், காரணம் தெரியாத ஒரு செயல், இப்படித்தான் ஏதாவது தட்டுப்படும்.

அடுத்து மூலத்துக்குப் போக வேண்டும். நினைவிலிருந்து எழுதாதீர்கள், இதில் நான் கண்டிப்பானவள். "அகலிகை கதை எனக்குத் தெரியும் டீச்சர்" என்று சொல்கிறவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் பாட்டி சொன்னதும் டிவியில் பார்த்ததும் கலந்த ஒன்று. அதுவும் ஒரு பனுவல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏடு வேறு சொல்லும். வால்மீகியில் அகலிகை கல்லாகவில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தவம் செய்கிறாள். கம்பனில்தான் கல். அப்படியானால் கல் கம்பனின் கற்பனையா?

இந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது. பரிபாடலின் 19ஆம் பாட்டு திருப்பரங்குன்றத்தைப் பாடுகிறது. அங்கே ஓவியம் எழுதிய ஒரு மண்டபம். மலைக்கு வந்த சனங்கள் படங்களைச் சுட்டிக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் விளக்குகிறார்கள்: "இந்திரன் பூசை, இவள் அகலிகை, இவன் சென்ற கவுதமன்". அவன் சினத்தால் அவள் கல்லுருவம் ஆனதும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. (பூசை என்றால் வழிபாடு அல்ல, பூனை. மலையாளத்தில் இன்றும் பூச்ச என்கிறார்கள்.) கம்பனிலும் இந்திரன் பூனையாகித்தான் நழுவப் பார்க்கிறான். ஆக, கம்பனுக்கு வெகுகாலம் முன்பே கல்லும் பூனையும் தமிழ்நாட்டுச் சுவரில் இருந்தன. ‘மூலம்’ என்று ஒரே ஒரு புத்தகத்தைக் காட்டிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் பாருங்கள். ஒருவர் படத்தைக் காட்ட, மற்றவர் அதற்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்கிறார். நாம் திண்ணையில் செய்கிற அதே வேலை!

சில நேரம் பழைய கதை பாட்டுக்குள் இல்லாமல் உரைகாரர் வழியாக உள்ளே வரும். "ஐந்தவித்தான் ஆற்றல்" என்று தொடங்கும் 25ஆம் குறளில், ஐம்புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே சாட்சி என்பது மட்டும்தான் இருக்கிறது. அவன் சாபம் பெற்ற கதையைப் பரிமேலழகர் உரைதான் கொண்டுவந்து சேர்க்கிறது. எழுதியவர் சொன்னது எது, உரைகாரர் சேர்த்தது எது, நான் சேர்த்தது எது என்று நோட்டில் பிரித்தே எழுதிப் பழகுங்கள்.

இப்போது பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது.

இடப்பக்கம் கம்பன்: கல், ராமனின் பாதத்துகள், மறுபடி பெண். "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக" என்ற சொல்லோடு அவள் கோதமனிடம் சேர்கிறாள். கதை மிதிலைக்குப் போய்விடுகிறது. ஆனால் சில பாட்டுகளுக்கு முன்னால் அதே கம்பன், வந்தவன் யாரென்று உணர்ந்த பின்னும் "தக்கது அன்று என்ன ஓராள்" என்றும் பாடியிருக்கிறான். நெஞ்சில் பிழை உண்டா, இல்லையா? கம்பன் இரண்டையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். அந்த இடத்தை அழுத்திக் கோடிடுங்கள்.

வலப்பக்கம் புதுமைப்பித்தன்: கம்பன் கிளம்பிப் போன இடத்தில் இவர் உட்கார்ந்துகொள்கிறார். பெண்ணாகிவிட்டாள், சரி, மறுநாள் காலை? கோதமன் பேச அஞ்சுகிறான், எந்தச் சொல் அவளைக் குத்துமோ என்று. எதிரில் வருகிற ஆண்களெல்லாம் அவளுக்கு இந்திரனாகத் தெரிகிறார்கள். மன்னிப்பு கிடைத்த பிறகும் அந்த நெஞ்சு ஆறவில்லை. கம்பனில் ஒரே வார்த்தையாக இருந்த ‘நெஞ்சு’ இங்கே முழுக் கதையாக விரிந்துவிட்டது.

இந்த இடத்தில் தொல்காப்பிய மரபியல் கைகொடுக்கும். வழிநூல், அதாவது முந்தைய நூல் ஒன்றின் வழியில் எழுந்த நூல், நான்கு வகை என்கிறது: தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல். நூல்களுக்குச் சொன்ன இலக்கணம்தான் என்றாலும், கதைக்கும் சினிமாவுக்கும் கேள்வியாக வைத்துப் பாருங்கள். சுருக்கினாரா, விரித்தாரா? விரித்தார் என்றால் எதை?

கோட்டுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு தலைப்பு: இடம் மாறியவை. மூலத்தில் தொடர்பில்லாமல் இருந்த இரண்டைப் புதியவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அகலிகை பாலகாண்டம், சீதையின் தீக்குளிப்பு யுத்தகாண்டம். புதுமைப்பித்தன் சீதையை அகலிகையின் குடிசைக்கே அழைத்து வருகிறார். இலங்கையில் நடந்ததைச் சீதை வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. தன்னை மீட்ட அதே ராமனா மனைவியைத் தீயில் இறங்கச் சொன்னான்? அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு காண்டங்களும் தனித்தனியே இருந்தவரை இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஒற்றுமைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அவர் கை வைத்த இடம் எது என்று தேடுங்கள்.

சினிமாவிலும் இப்படித்தான். ‘தளபதி’ (1991) கர்ணன் கதை என்று ஊருக்கே தெரியும். ஆற்றில் விட்ட பேழை சரக்கு ரயிலானதையும் எல்லோரும் சொல்வார்கள். பாரதத்தில் சாகிறவன் கர்ணன், படத்தில் சூர்யா பிழைத்துக்கொள்கிறான், நண்பன் தேவாதான் சாகிறான். அங்கிருந்து பேசத் தொடங்குங்கள்.

எல்லா எதிரொலியும் எதிர்வாதம் ஆகிவிடாது. தாடகையை வீழ்த்தியதையும் அகலிகையை மீட்டதையும் சேர்த்து விசுவாமித்திரர் "கை வண்ணம் அங்குக் கண்டேன், கால் வண்ணம் இங்குக் கண்டேன்" என்கிறார். ‘பாசம்’ (1962) படத்தின் காதல் பாட்டில் கண்ணதாசன் அந்த ‘வண்ண’த்தை எடுத்துக் கண்ணுக்கும் கைக்கும் சூட்டினார். அவர் கம்பனோடு சண்டை போடவில்லை. அந்த ஓசையின் மேல் இருந்த ஆசை அது. ஓசைக் கடனுக்குள் தத்துவம் தேடினால் பாட்டும் கெடும், நம் நேரமும் கெடும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த முறை பிடிபட்ட புதிதில் கல் வந்தாலே அகலிகை என்று எழுதத் தோன்றும். கல் மட்டும் போதாது. கல்லோடு ஒரு காலடி, ஒரு சாபம், ஒரு விசாரணை என்று இரண்டாவது இழை ஒன்றாவது வேண்டும். கிடைக்காவிட்டால் புள்ளியை அழித்துவிடுங்கள்.

கடைசியாகத் தலைப்புக்குத் திரும்புங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது திண்ணைக்கு வரும் ஒரு கல்லூரி மாணவி. கதை முடிவில் கோதமன் அணைக்க வரும்போது, அவன் அகலிகைக்கு இந்திரனாகவே தெரிகிறான். அவள் மறுபடியும் கல்லாகிறாள். அவளுடைய மனச்சுமை இறங்குகிறது. அந்தப் பெண் கேட்டாள்: "கம்பனில் கல் என்றால் தண்டனை. இங்கே கல்லானதும்தானே டீச்சர் பாரம் இறங்குகிறது? அப்படியானால் சாப விமோசனம் எது? ராமன் கால் பட்டதா, இல்லை இதுவா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. எத்தனையோ முறை அந்தக் கதையை நடத்தியிருக்கிறேன், தலைப்பு முதல் சம்பவத்துக்கு உரியது என்றே நினைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல இருந்து படிம்மா" என்றேன். பாதையோரத்துக் கற்சிலையில் தொடங்கி அவள் மறுபடியும் வாசித்தாள்.